கையை ஓங்காத கராத்தே ஆசிரியர்



பரிசளிப்பு விழா மலர் என்றாலே வெற்றி பெற்றவர்களின் பக்கங்கள்தாம் முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓட்டத்தில் முதல், பேச்சில் முதல், பாட்டில் முதல் என்று படங்கள் வரிசையாக நிற்கும். நல்லதுதான். உழைத்த பிள்ளைகளைப் பாராட்டாமல் வேறு யாரைப் பாராட்டுவது? ஆனால், இந்த மலரில் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்பும் பெரியவர் பரிசுக்காக மோதிக்கொள்வதை விரும்பாதவர். இன்று உலகமெங்கும் பல இலட்சம் பேர் கிண்ணத்துக்கும் பதக்கத்துக்கும் போட்டி போடும் ஒரு கலையை நாட்டுக்கு நாடு பரவச் செய்தவரும் அவரே. அவர் பெயர் கிச்சின் ஃபுனாகோஷி. அந்தக் கலை கராத்தே.

கராத்தே என்றதும் உங்கள் நினைவுக்கு என்ன வருகிறது? ஓடு உடைப்பதும், பலகையைப் பிளப்பதும், சினிமாவில் கதாநாயகன் தனி ஆளாகப் பத்துப் பேரைப் பந்தாடுவதும்தானே! நம் மலேசியாவில் எத்தனையோ பள்ளிகளிலும் மண்டபங்களிலும் மாலை வேளையில் வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள் இச்சி, நீ, சான் என்று எண்ணிக்கொண்டு காற்றில் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளை உடைக்கும், இடுப்பில் கட்டும் கறுப்புப் பட்டைக்கும், பல்கலைக்கழகங்களில் இயங்கும் கராத்தே சங்கங்களுக்கும் வேர் தேடிப் போனால், அங்கே ஒரு மல்லரோ படைத்தளபதியோ நிற்கவில்லை. ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்தான் நிற்கிறார். இதை ஓர் ஆசிரியரின் வாழ்க்கையாகவே நீங்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நோஞ்சான் பிள்ளை

ஜப்பானின் தென்கோடியில் கடலுக்கு நடுவே கிடக்கும் தீவு ஓகினாவா. ஒரு காலத்தில் அது ரியூக்யூ என்னும் தனி அரசாக இருந்தது. ஷூரி நகரம் அதன் தலைநகரம். அந்த ஷூரியில், 1868-ஆம் ஆண்டில், சிறிய உத்தியோகக் குடும்பம் ஒன்றில் ஃபுனாகோஷி பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை. நெடுநாள் தாங்குமா என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். தாய்வழித் தாத்தா பாட்டியின் வீட்டில்தான் வளர்ந்தார். தாத்தா சீன நூல்களில் தேர்ந்த பண்டிதர். பேரனுக்குக் கன்பூசியஸின் அறநூல்களைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார். படிப்பு வந்தது, உடம்பில் மட்டும் தெம்பு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு தோழன் கிடைத்தான். அந்தப் பையனின் தந்தை அசாத்தோ. ஓகினாவாவின் பெரிய கராத்தே வல்லுநர்களுள் ஒருவர். குதிரையேற்றத்திலும் வாள்வித்தையிலும்கூடப் பேர் பெற்றவர். அந்த நட்பின் வழியாகத்தான் நோஞ்சான் பையன் அசாத்தோவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்தக் காலத்தில் கராத்தே இன்றுபோல விளம்பரப் பலகை போட்டுச் சொல்லிக் கொடுக்கும் கலை அன்று. ஓகினாவா மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளத் தடையிருந்த காலம் ஒன்று உண்டு. வெறுங்கையால் தற்காத்துக்கொள்ளும் பழைய வித்தையும், சீனத்திலிருந்து வந்த முறைகளும் அங்கே கலந்து வளர்ந்தன. எல்லாம் இரகசியம். குரு வெளியே சொல்ல மாட்டார். சீடனும் மூச்சு விட மாட்டான். ஆகவே பாடம் இரவில்தான். சிறுவன் ஃபுனாகோஷி மங்கலான லாந்தர் விளக்கை ஏந்திக்கொண்டு இருட்டில் நடந்து போவார். பயிற்சி முடிந்து திரும்பும்போது சில நாள் கிழக்கு வெளுத்துவிடும். இந்தப் பிள்ளை ராத்திரியில் எங்கேதான் போய் வருகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஏதேதோ பேசிக்கொண்டார்களாம்!

ஒரே பாடம், பல ஆண்டுகள்

அசாத்தோ எப்படிச் சொல்லிக் கொடுத்தார், தெரியுமா? கராத்தேயில் கத்தா என்று ஒன்று உண்டு. எதிரிகள் சுற்றிலும் இருப்பதாக எண்ணிக்கொண்டு, தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் தனியாகச் செய்வது. நம் சிலம்பத்தில் அடிவரிசை பிடிக்கிறோமே, ஏறக்குறைய அதுபோல. அசாத்தோ திண்ணையில் அமர்ந்திருப்பார். சீடர் முற்றத்தில் ஒரு கத்தாவைச் செய்து காட்டுவார். ஆசான் வாயிலிருந்து பெரும்பாலும் இரண்டே சொற்கள்தாம் வரும். நன்று என்பார், அல்லது, மறுபடியும் என்பார். நன்று என்பது எப்போதாவது ஒரு நாள். மறுபடியும் என்பது எல்லா நாளும்!

ஒரு கத்தா நன்றாக வந்தாலன்றி அடுத்ததற்குப் போக விடமாட்டார். தெக்கி என்ற பெயரில் மூன்று கத்தாக்கள் இருக்கின்றன. கால்களை அகற்றி, குதிரைமேல் அமர்ந்திருப்பவர்போல் தாழ்ந்து நின்று, பக்கவாட்டில் நகர்ந்து செய்பவை. பார்க்க எளிது. செய்து பார்த்தால் தொடை நடுங்கும். அந்த மூன்றைக் கற்கவே ஃபுனாகோஷிக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. மாணவர்களே, இதை மறுபடியும் படியுங்கள். மூன்று பாடம், பத்து ஆண்டுகள்! ஒரு வாய்ப்பாட்டை மூன்று தடவை எழுதச் சொன்னாலே முகம் சுளிக்கும் நமக்கு இது நம்ப முடியாத சேதிதான்.

அசாத்தோவின் நண்பர் இத்தோசு என்னும் மற்றொரு பெரியவரிடமும் ஃபுனாகோஷி பாடம் கேட்டார். இரு குருமாரும் ஒருவர்மேல் ஒருவர் பொறாமை இல்லாமல் ஒரே சீடரை வளர்த்தார்கள். சில ஆண்டுகளில் அந்த நோஞ்சான் உடம்பு தேறியது. மருந்து கொடுக்காத பலத்தைப் பயிற்சி கொடுத்துவிட்டது.

குடுமியும் வேலையும்

ஃபுனாகோஷிக்கு மருத்துவராக வேண்டும் என்று ஆசை. தோக்கியோ மருத்துவப் பள்ளியின் தேர்விலும் தேறினார். ஆனால் ஒரு குடுமி குறுக்கே நின்றது. ஆம், தலைக் குடுமிதான்! புதிய அரசாங்கம் குடுமியைக் களையச் சொன்னது. ஓகினாவாவின் பழைய குடும்பங்களோ குடுமியை மானமாகக் கருதின. குடுமியோடு மருத்துவப் பள்ளியில் சேர முடியாது. குடுமியை எடுக்க வீட்டில் சம்மதம் கிடையாது. படிப்புக் கனவு கலைந்தது.

பிறகு 1888-ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆரம்பப் பள்ளியில் துணை ஆசிரியரானார். அதற்கும் குடுமி கூடாது என்று விதி. இந்தத் தடவை அவர் குடுமியை எடுத்துவிட்டார். ஆசிரியர் உடையில் வீட்டுக்குப் போனபோது தந்தையார் அதிர்ந்து கோபங்கொண்டார். தாயார் மகனின் முகத்தைப் பார்க்கவும் பொறுக்காமல் பின்வாசல் வழியே வெளியேறிவிட்டார். பழைமைக்கும் புதுமைக்கும் நடுவில் ஓர் இளைஞன் அகப்பட்டுக்கொண்டால் என்னாகும் என்பதை இந்த வீட்டுக் காட்சி காட்டுகிறது. ஆயினும் அவர் பெற்றோரை வெறுக்கவில்லை, வேலையையும் விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்தார்.

சம்பளம் சொற்பம். குடும்பமோ பெரிது. அவருடைய மனைவியார் பகலில் தூரத்துத் தோட்டத்துக்குப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போய்க் காய்கறி பயிரிடுவார். இரவில் தறியில் துணி நெய்வார். முதுகில் பாரத்தோடு மலைச்சரிவில் நிற்கும் பெண்மணிகள் யாரென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? தேயிலைக் கூடையைச் சுமந்த நம் பாட்டிமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் கணவருடைய பயிற்சியைப் பார்த்துப் பார்த்துத் தாமும் கத்தாக்களைக் கற்றுக்கொண்டார். கணவர் இல்லாத வேளையில் வந்த சீடர்களைத் திருத்தும் அளவுக்குத் தெரிந்துகொண்டார். அண்டை வீட்டார் குடித்துவிட்டுச் சண்டை போட்டால், விலக்கிச் சமாதானம் செய்பவரும் அவர்தாமாம்.

பதவி உயர்வு வாய்ப்புகள் வந்தன. ஏற்றால் தொலைதூரத் தீவுகளுக்கு மாற்றலாகிப் போக வேண்டும். போனால் குருமார்களைப் பிரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காசுக் கணக்குப் பார்த்தால் நட்டம். கல்விக் கணக்குப் பார்த்தால்?

பலகாரம் கொடுத்துப் பெற்ற பாடம்

இளமையில் நடந்த ஒரு சம்பவம் கேளுங்கள். ஓர் இரவு, மனைவியின் வீட்டுப் பூசை மாடத்தில் படைப்பதற்காகக் கொஞ்சம் பலகாரம் வாங்கிக்கொண்டு தனிவழியே போய்க்கொண்டிருந்தார். துணியால் முகத்தை மறைத்த இரண்டு பேர் வழி மறித்து வம்புக்கு இழுத்தார்கள். ஒரு நொடியில் இருவரையும் மண்ணைக் கவ்வ வைத்திருக்கலாம். கைகளுக்கு அந்தப் பலம் இருந்தது. அவரோ பணம் ஏதும் இல்லை என்று பணிவாகச் சொல்லி, கையிலிருந்த பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் குருமார்களிடம் இதைச் சொன்னபோது, இருவரும் மெச்சினார்கள். அசாத்தோ மட்டும், பலகாரம் போய்விட்டதே, பூசைக்கு என்ன செய்தாய் என்று விசாரித்தார். மனதார வணங்கிவிட்டு வந்தேன் என்று சீடர் பதில் சொன்னார். அதுதான் கராத்தேயின் உட்பொருள் என்று குரு மகிழ்ந்தாராம். அத்தனை ஆண்டு கற்றதற்கு உண்மையான தேர்வு அந்த இருட்டு வழியில்தான் நடந்தது. ஒரு குத்துகூட விடாமல் அவர் தேறினார்.

பள்ளிக்கு வந்த கலை

இரகசியமாக இருந்த கலையை வெளியே கொண்டுவந்ததில் இத்தோசுவுக்குப் பெரும்பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கராத்தேயை ஓகினாவாப் பள்ளிகளில் உடற்பயிற்சிப் பாடமாக நுழைத்தார். பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி பினான் என்ற ஐந்து எளிய கத்தாக்களை அமைத்தார். ஃபுனாகோஷியும் கல்வி அதிகாரிகள் முன்னிலையில் செய்து காட்டினார். 1921-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோ ஓகினாவா வழியாகப் பயணம் செய்தபோது, ஷூரிக் கோட்டையில் அவர் முன் நடந்த கராத்தே காட்சியைத் தலைமை தாங்கி நடத்தியவரும் ஃபுனாகோஷியே.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2011-ஆம் ஆண்டில் ஏழாம் அறிவு படம் வந்த பிறகு, கராத்தே, குங்ஃபூ எல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொடுத்தவை என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். போதிதருமர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்றுக் கொடுத்தார் என்பது நெடுங்காலமாக வழங்கி வரும் மரபுக் கதை. ஃபுனாகோஷியும் தம் நூலில் அந்தக் கதையைச் சொல்கிறார். வரலாற்று அறிஞர்கள் அதை உறுதியான சான்றுள்ளதாக ஏற்பதில்லை. கதையைக் கதையாகப் போற்றுவோம். பெருமை பேசுகிறவனுக்குத் தொடை நடுங்காது; குதிரை நிலையில் நிற்கிறவனுக்குத்தான் நடுங்கும். எது நமக்கு வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்வோம்.

தலைநகரில் ஒரு தோட்டக்காரர்

1922-ஆம் ஆண்டு. தோக்கியோவில் கல்வி அமைச்சு ஓர் உடற்கல்விக் கண்காட்சி நடத்தியது. ஓகினாவாவின் சார்பில் கராத்தேயைக் காட்ட ஃபுனாகோஷி போனார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காட்சி முடிந்ததும் ஊர் திரும்பத்தான் நினைத்தார். ஜூடோ கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவரைத் தம் கொடோகான் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். ஓவியர் ஹோவான் கொசுகி தமக்கும் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படி ஒருவர்பின் ஒருவராகக் கேட்கவே, பயணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். மனைவியாரோ முன்னோர் கல்லறைகளையும் வழிபாட்டையும் விட்டு வர இயலாது என்று ஓகினாவாவிலேயே இருந்துவிட்டார். பிரிவு பல்லாண்டு நீண்டது.

தங்க இடம்? ஓகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதியில் சின்ன அறை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்? விடுதியின் காவல்காரர் அவர்தாம், கூட்டிப் பெருக்குபவர் அவர்தாம், தோட்டக்காரரும் அவர்தாம். மாணவர்களின் அறைகளைக்கூடச் சுத்தம் செய்தார். சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்து, சாப்பாட்டுச் செலவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஐம்பது வயது கடந்த, பேரெடுத்த ஆசிரியர் துடைப்பம் பிடித்தார், பாருங்கள்!

ஒரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டி காண வந்தார். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவரிடம் கராத்தே ஆசிரியர் எங்கே என்று விசாரித்தார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போன கிழவர், நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து வணங்கி, தாம்தான் அந்த ஆசிரியர் என்றார். வந்தவர் வாயடைத்துப் போனார். வேலையில் தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுவது சுலபம். வாழ்ந்து காட்டுவது எத்தனை பேரால் முடியும்?

1922-இலேயே அவர் எழுதிய முதல் கராத்தே நூல் வெளிவந்தது. அட்டை ஓவியம் நண்பர் கொசுகியுடையது. மறு ஆண்டு, 1923 செப்டம்பர் 1-ஆம் நாள், தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நூலின் அச்சுத் தகடுகள் அழிந்தன. மாணவர்கள் சிலர் மாண்டனர். பிழைப்புக்காக ஒரு வங்கிக்கு நகலெடுக்கும் தாள்களில் எழுதிக் கொடுக்கும் வேலையைச் செய்தார். வாள்வித்தை ஆசிரியர் ஒருவர் தம் கூடத்தை ஓய்வு நேரத்தில் இலவசமாகக் கொடுக்க, பயிற்சி தொடர்ந்தது.

பல்கலைக்கழகச் சங்கம் பிறந்தது

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 1924-ஆம் ஆண்டில், தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கசுயாவின் முயற்சியால் ஒரு கராத்தே சங்கம் தொடங்கியது. ஜப்பானின் முதல் பல்கலைக்கழகக் கராத்தே சங்கம் அதுவே. பயிற்றுநர் ஃபுனாகோஷி. அதே ஆண்டில்தான் அவர் தம் மாணவர் சிலருக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். பட்டை முறையும் வெள்ளைச் சீருடையும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை. பிறகு தோக்கியோ பல்கலைக்கழகம், தக்குஷோக்கு, வசேதா, ஹோசெய் என்று சங்கங்கள் பெருகின.

பயிற்சி எப்படி இருக்கும்? ஓகினாவாவில் அசாத்தோ நடத்திய அதே பாடந்தான். வணக்கத்தில் தொடங்கும், வணக்கத்தில் முடியும். நடுவில் ஒரே கத்தா, திரும்பத் திரும்ப. பிறகு மகிவாரா. அதாவது, தரையில் நட்ட பலகைத் தூணின் தலையில் வைக்கோல் கயிற்றைச் சுற்றி, அதை முட்டியால் குத்திக் குத்திப் பழகுவது. தோல் உரியும், காய்க்கும். ஆர்வத்தோடு வந்த புது மாணவர்களில் பலர் சில மாதங்களில் காணாமல் போய்விடுவார்கள். ஆசிரியர் அவர்களைத் தேடிப் போய்க் கெஞ்சவுமில்லை. எஞ்சியவர்களுக்குப் பாடத்தைக் குறைக்கவுமில்லை.

ஆனால் பல்கலைக்கழகம் என்பது துடிப்புள்ள இளைஞர்களின் இடமல்லவா? ஜூடோக்காரர்கள் மோதிப் பார்க்கிறார்கள், வாள்வித்தைக்காரர்கள் மோதிப் பார்க்கிறார்கள், நாம் மட்டும் காற்றோடு சண்டை போடுவதா என்ற கேள்வி அவர்களுக்குள் எழுந்தது. 1920-களின் பிற்பகுதியில் தோக்கியோ பல்கலைக்கழகச் சங்கத்து மாணவர்கள் தற்காப்புக் கவசம் அணிந்து ஒருவரை ஒருவர் தாக்கிப் போட்டிப் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். ஃபுனாகோஷி எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அந்தச் சங்கத்தின் பயிற்றுநர் பொறுப்பை விட்டு விலகினார்.

அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்? அவர் கணக்கு இதுதான். கராத்தேயின் அடி உண்மையானது; முழுப் பலத்தோடு விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டான். பலத்தைக் குறைத்து அடித்தால் அது கராத்தே ஆகாது. இது முதல் காரணம். புள்ளிக்காக மோதுகிறவன் முந்தித் தாக்கவே பழகுவான். முந்தித் தாக்கும் பழக்கம் கையிலிருந்து மனத்துக்கு ஏறிவிடும். இது இரண்டாவது, பெரிய காரணம். கராத்தேயில் முதல் அடி என்பதே கிடையாது என்று அவர் ஓயாமல் சொல்லி வந்தார். கத்தாக்கள் பெரும்பாலும் ஒரு தடுப்பில்தான் தொடங்குகின்றன என்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள்.

மாணவர்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மோதிப் பார்க்காமல் தூரமும் நேரமும் எப்படிப் பிடிபடும்? அவருடைய மகன் கிகோவே புதிய மோதல் பயிற்சிகளை வளர்த்தவர்களில் ஒருவர். ஆகவே, ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தாம் நம்பாத ஒன்றைச் சம்பளத்துக்காகவும் பெயருக்காகவும் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று ஓர் ஆசிரியர் எழுந்து வெளியே நடந்தாரே, அந்த நடையைக் கவனியுங்கள்.

பெயரில் வந்த வெறுமை

ஜப்பானிய எழுத்தில் கரா என்ற ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. அதுவரை கராத்தே என்பதைச் சீனக் கை என்று பொருள்படும் எழுத்தால் எழுதி வந்தார்கள். ஃபுனாகோஷியும் கெய்யோ மாணவர்களும் 1929-ஆம் ஆண்டு வாக்கில் அதை மாற்றி, வெறுங்கை என்று பொருள்படும்படி எழுதத் தொடங்கினார்கள். ஒலி அதே, பொருள் வேறு. ஓகினாவாவில் பழைய ஆட்கள் சிலர் சீறினார்கள். ஆனால் 1936-இல் நாஹா நகரில் கூடிய ஓகினாவா ஆசான்களும் புதிய எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். கையில் ஆயுதம் இல்லை என்பது வெறுங்கையின் முதல் பொருள். ஆணவமும் ஆசையும் ஒழிந்து, மூங்கிலைப்போல் உள்ளே வெறுமையாயிரு என்பது அவர் சேர்த்த பொருள். அன்று ஜப்பானில் சீனத்தின்மேல் பகை வளர்ந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு அந்தக் காற்றும் துணை செய்தது.

அவர் கவிதை எழுதுபவர். ஷோத்தோ என்பது புனைபெயர். ஊரில் மலைமேல் பைன் மரங்களுக்கிடையே காற்று அலையடிக்கும் ஒலியைக் கேட்டுக்கொண்டு தனியே உலாவியதன் நினைவாக அந்தப் பெயர். மலைக்காற்றின் ஒலி தெரிந்த நமக்கு அது புரியும். 1930-களின் பிற்பகுதியில் மாணவர்களும் அன்பர்களும் நாடெங்கும் நிதி திரட்டித் தோக்கியோவில் அவருக்கென ஒரு கூடம் கட்டி, ஷோத்தோகான் என்று பெயர் வைத்தார்கள். எழுபது வயதை நெருங்கிய பிறகுதான் அந்த ஆசிரியருக்குச் சொந்தக் கூரை கிடைத்தது.

போர் கொண்டு போனவை

அந்தக் கூரை நெடுநாள் நிலைக்கவில்லை. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் ஷோத்தோகான் எரிந்து சாம்பலாயிற்று. அவர் வளர்த்த பல்கலைக்கழக மாணவர்கள் எத்தனையோ பேர் போர்முனையில் மடிந்தார்கள். அதே ஆண்டில் மகன் கிகோ காசநோயால் இறந்தார். ஓகினாவாவோ போர்க்களமாகி அழிந்தது. அங்கிருந்து தப்பிய மனைவியார் கியூஷூ தீவுக்கு வந்து சேர்ந்தார். பல்லாண்டு பிரிவுக்குப் பிறகு ஃபுனாகோஷி அங்கே போய் அவரோடு வாழ்ந்தார். கடைசியில் சேர்ந்த அந்த இருவருக்கும் கிடைத்தது ஓரிரு ஆண்டுகளே. 1947-இல் அம்மையார் காலமானார். எண்பதை எட்டும் வயதில் முதியவர் தனியாளாய்த் தோக்கியோ திரும்பினார். எஞ்சிய மாணவர்கள் 1949-இல் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்து, அவரையே தலைமை ஆசானாக வைத்துப் போற்றினார்கள்.

வெட்கப்பட்ட வெற்றி

போர் முடிந்த பஞ்ச காலத்தில் ஓர் இரவு அவர் தனியே வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஒருவன் பாய்ந்து வந்து தாக்கிப் பறிக்கப் பார்த்தான். கிழவர் சட்டென்று குனிந்து விலகி, அவன் நகர முடியாதபடி உயிர்நிலையில் பிடித்துக்கொண்டார். ரோந்து வந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார்.

வேறு யாராவது என்றால் இதை ஊர் முழுதும் சொல்லி மகிழ்ந்திருப்பார்கள். அவரோ வெட்கப்பட்டார். போரிலிருந்து திரும்பி, வேலையில்லாமல், பசியால் தடுமாறிய ஒருவனாக இருக்கலாம். அவன்மேல் கை வைத்துவிட்டோமே என்று வருந்தித் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதி வைத்தார். பலகாரம் கொடுத்த இளைஞரையும், திருடனைப் பிடித்த முதியவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர் பெருமைப்பட்டது கொடுத்ததற்கு, கூசியது வென்றதற்கு!

பரிசுக்கு அப்பால்

1957 ஏப்ரல் 26-ஆம் நாள், 88-ஆம் வயதில் ஃபுனாகோஷி மறைந்தார். அவர் மறைந்த சில மாதங்களில், அதே ஆண்டு அக்டோபரில், ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது. அவர் இருந்தவரை தயங்கிய கதவு அவர் போனதும் திறந்துகொண்டது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. ஆண்கள் கத்தா பிரிவில் தங்கம் வென்ற ரியோ கியூனா ஓகினாவாக்காரர். அடுத்து 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. மேடை வரும், போகும். ஆனால் அன்று மாலையும் ஓகினாவாவில் பிள்ளைகள் கத்தா செய்தார்கள். நம் நாட்டிலும் செய்தார்கள். கெய்யோ சங்கத்துக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது.

பெற்றோர்களே, பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்த்தால் ரௌடியாகிவிடுவானோ என்று சிலர் பயப்படுகிறீர்கள். நம் இளைஞர்கள் சிலர் கும்பல், அடிதடி என்று போய் வாழ்க்கையைத் தொலைப்பதைப் பார்த்துவிட்டு அப்படிப் பயப்படுவது இயற்கைதான். வகுப்பில் சேர்க்கும் முன் கிண்ணம் எத்தனை வாங்கினார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். வணக்கம் எப்படிச் சொல்கிறார்கள், தோற்ற பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள், கோபம் வந்தால் கையைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் ஃபுனாகோஷியின் பள்ளி.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை அதே பாடத்தை மறுபடியும் எடுங்கள். பரிசு வாங்காதவர்களுக்கும் அதே வாழ்த்துதான். அசாத்தோவின் முற்றத்தில் பத்து ஆண்டு மறுபடியும், மறுபடியும் என்று கேட்டுக்கொண்டே நின்ற நோஞ்சான் பையனுக்கு ஒருவரும் கிண்ணம் கொடுக்கவில்லை. விடியற்காலைப் பனியில், வெறுங்கையோடு, அவன் வீட்டுக்கு நடந்து போனான்.